தீர்ப்பு நாளில் என்ன வயது?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்) மாணவர்

பேச்சிப்பாறை என்றதும் எல்லாருக்கும் அணை நினைவுக்கு வரும். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1906-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் தண்ணீர் நாஞ்சில் நாட்டு வயல்களை வாழ வைக்கிறது. அணைக்கரையில் பிறந்த எங்களுக்கோ வயல் கிடையாது. ரப்பர் மரமே சோறு. என் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சட்டம் படித்தவனல்லன். ஆயினும் சட்டத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிந்தமைக்கு எங்கள் ஊர் வழக்கு ஒன்று காரணம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன். 2019-ல் அவருக்கு வயது 19. பட்டாளத்தில் சேரும் ஆசையில், விடியுமுன் எழுந்து அணைச் சாலையில் ஓடுவார். சிறுவனாக நானும் பின்னால் ஓடியிருக்கிறேன். அந்த ஆண்டு மழையில் பால்வெட்டு நின்றது. வீட்டில் அடுப்பும் நின்றது. இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு தோட்டத்தில் ஒரு சாக்கு ஒட்டுப்பால் திருடினார், பிடிபட்டார். திருடியது உண்மை. அதை நான் மறைக்கவில்லை; அவரும் மறைக்கவில்லை.

ஜாமீன் கிடைத்தும், தீர்வை ரசீதோடு வந்து நிற்க ஆள் இல்லாததால் ஒன்றரை மாதம் சிறையில் இருந்தார். பிறகு வாய்தா, வாய்தா, வாய்தா! சாட்சி வரவில்லை, அதிகாரி மாறினார், கொரோனா வந்தது. 2023-ல் தீர்ப்பானது: மூன்று மாதம் சிறை. அன்று அவருக்கு வயது 23. இருந்த நாட்களைக் கழித்து மீதியை அனுபவித்து வந்தவர் இப்போது அணைச் சாலையில் ஓடுவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

நம் கல்லூரி நூலகத்தில் ஒரு சட்ட நூலைப் புரட்டியபோது திடுக்கிட்டேன். 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, 21 வயது நிரம்பாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் நீங்கலாக, மற்றக் குற்றங்களில் இத்தகைய இளைஞனை எளிதில் சிறைக்கு அனுப்பலாகாது. நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அதன் பிறகும் சிறைதான் என்றால் நீதிபதி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கையோடோ நன்னடத்தைப் பிணையிலோ விடப்பட்டவனுக்குத் தகுதியிழப்பு நேராது என்று 12-ஆம் பிரிவு கூறுகிறது. எவ்வளவு கருணை!

அந்தக் கருணை அண்ணனுக்கு ஏன் எட்டவில்லை? ராம்ஜி மிசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே விடை கூறிவிட்டது: 6-ஆம் பிரிவுக்குக் கணக்கிட வேண்டியது குற்றம் செய்த நாளின் வயதன்று, விசாரணை நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் நாளின் வயது. 21 கடந்தவர்க்கும் 4-ஆம் பிரிவு உண்டு. ஆனால் அது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது. 6-ஆம் பிரிவோ கட்டளை. வழக்கு நான்கு ஆண்டு இழுபட்டதில் கட்டளை விருப்பமாகிவிட்டது. தாமதம் யாருடையது? தண்டனை யாருக்கு?

18 வயது நிரம்பாதவர்களுக்கு நிலை வேறு. 2005-ல் பிரதாப் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, குற்றம் நடந்த நாளில் இருந்த வயதையே பார்க்க வேண்டும் என்று கூறியது. அதன் பயனை 2023 மார்ச்சில் நாடு கண்டது. 1994-ல் புனேயில் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றிருந்த ஒருவர், சம்பவ நாளில் பன்னிரண்டரை வயதுச் சிறுவன் என்பது பள்ளிப் பதிவேட்டால் தெளிவாகி, 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தபின் விடுதலையானார். ஒரு பள்ளிக்கூடத்துத் தாள் ஓர் உயிரைக் காத்தது. அந்தத் தாள் கிடைக்காத ஏழைகளை எண்ணிப் பாருங்கள்!

மறுபக்கத்தையும் பார்ப்போம்

"குற்றத்துக்கு வயது ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைக் கல்நெஞ்சர் என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. 2012 டிசம்பரில் டில்லிப் பேருந்தில் நடந்த கொடுமையில் பங்கு பெற்றவர்களில் ஒருவன் 18 வயது நிரம்பாதவன். அவனுக்குக் கிடைத்தது சிறப்பு இல்லத்தில் மூன்றாண்டு. நாடே கொதித்தது. அதன் விளைவே 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். 16 முதல் 18 வயதுக்குட்பட்டவன் கொடிய குற்றம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், இளைஞர் நீதிக் குழுமம் அவன் மனநிலையையும், விளைவை அறியும் திறனையும் ஆராய்ந்து, வயது வந்தவனைப் போல விசாரிக்க அனுப்பலாம். அப்போதும் தூக்கு இல்லை. விடுதலைக்கு வழியற்ற ஆயுள் சிறையும் இல்லை.

டில்லி தொலைவு, நாங்குநேரி தொலைவன்று. ஆரல்வாய்மொழி கடந்தால் எட்டிவிடும் ஊர். 2023 ஆகஸ்டில் அங்கே பள்ளி மாணவர்கள் சாதி வெறியில் வீடு புகுந்து, சக மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட பிள்ளைகளின் தாய்முன் நின்று, "வெட்டியவன் சிறுவன், விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்தத் தாய்க்கு நீதி வேண்டும். வெட்டியவன் தன் செயலின் கனத்தை உணரவும் வேண்டும்.

ஆனால் அவன் கையில் அரிவாளைக் கொடுத்தது யார்? நீதியரசர் சந்துரு தலைமையில் அரசு அமைத்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிகளில் சாதி அடையாளங்களை ஒழிப்பது பற்றி அது நிறையப் பேசியது. சிறுவனை மட்டும் கூண்டில் ஏற்றினால் போதாது, அவனை வளர்த்த ஊரும் கூண்டில் ஏற வேண்டும் என்பதே நான் அதிலிருந்து கற்ற பாடம். அவனைத் தேர்ந்த திருடர்களோடும் கொலைகாரர்களோடும் அடைத்து வைத்தால், வெளியே வருபவன் இன்னும் கூரிய அரிவாளாகவே வருவான்.

இந்த எண்ணம் நமக்குப் புதிதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகக் குழந்தைகள் சட்டம் இயற்றியது 1920-ல் சென்னை மாகாணம். 1925-ல் இளங்குற்றவாளிகளைப் பெரியவர்களிடமிருந்து பிரித்து வைக்கும் பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும் வந்தது. அந்நாளில் நாம் திருவிதாங்கூர். அச்சட்டங்களின் எல்லை ஆரல்வாய்மொழிக்கு அப்பால் நின்றது. 1956 நவம்பர் 1-ல் தமிழகத்தோடு இணைந்தோம். சட்டப் புத்தகங்கள் நம் மலையடிவாரம் வந்துவிட்டன. அவற்றின் பயன்தான் இன்னும் மலையேறவில்லை.

என் கருத்து

முதலாவது, 21 வயதுச் சலுகைக்கும் குற்ற நாளின் வயதையே அளவாகக் கொள்ளுமாறு சட்டம் திருத்தப்பட வேண்டும். இரண்டாவது, இளைஞர் வழக்குகளுக்குக் காலவரம்பு வேண்டும். மூன்றாவது, இலவச சட்ட உதவி உண்டென்பது ஏழைக்குத் தெரிய வேண்டும். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவரும் அதற்கு உரியவர். அண்ணனின் அம்மாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கம்மலை விற்று வக்கீலுக்குக் கொடுத்தார். இதைச் சொல்ல நீதிபதி வேண்டியதில்லை. படித்த நாம் போதும்.

விசாரியாமல் தண்டித்த பாண்டியனின் கதையைப் பள்ளியில் படித்தோம். காலம் கடத்தி விசாரித்து, வயதைத் தின்றுவிட்டுத் தண்டிப்பதும் அதன் தம்பிதான்.

ரப்பர் மரத்தில் ஆளுயரத்துக்குச் சற்றுக் கீழே அளந்து, சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த பிறகே கத்தி வைப்பார்கள். சிறுவயதில் நான் விளையாட்டாக ஓர் இளமரத்தைக் கீறியபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்: "மக்களே, இளசுல ஆழமா வெட்டினா பட்டை பெறவு நேரே வராது." இன்று தாவரவியல் வகுப்பில் அதற்குக் காரணம் படிக்கிறேன். பட்டைக்கு உள்ளே வளர்திசு இருக்கிறது. அதைக் காயப்படுத்தினால் மரம் ஆயுள் முழுதும் முடிச்சு சுமக்கும்.

மரத்துக்கு அளந்து பார்க்கிறோம். எனக்கு இப்போது வயது 20. நாளை நானே தவறினாலும், என்னை அளந்து பார்க்க நீதிமன்றத்துக்கு ஓராண்டுதான் மிச்சம்.