கரையில் நிற்க யாருக்கு இடம்?

சூடைக் கூட்டம் கரையை ஒட்டி வரும்போது பாரையும் சீலாவும் அதைத் துரத்திக்கொண்டு வரும். அந்த நேரம் படகில்லாதவருக்கும் கடல் படியளக்கும். ஒரு தூண்டில், ஒரு செயற்கை இரை, நிற்க ஓரிடம் போதும்.

புத்தளம் மாவட்டத்தில் சிக்கலே அந்த 'ஓரிடம்'தான். கரை பெரும்பாலும் மணல். கல்லில் நின்று வீசலாம் என்றால் குதிரைமலை முனை நினைவுக்கு வரும். அதுவோ வில்பத்து தேசியப் பூங்காவுக்குள். அதற்கு வடக்கே, மன்னார் எல்லையில், முள்ளிக்குளம். 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்ட அந்த ஊரில் கடற்படை குடியேறிய கதை வாசகர்களுக்குப் புதிதல்ல. தெற்கே கற்பிட்டியில் 14 தீவுகளுக்குச் சுற்றுலாத் திட்டம் போட்டார்கள். கரைப்பாதைகள் அடைபடுவதாக மீனவர்கள் முறையிட்டார்கள்.

இதை நான் பொழுதுபோக்குக்காரரின் குறையாகப் பார்க்கவில்லை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறியது. சிறு படகுக்காரருக்கு அது தொழிலையே நிறுத்தும் விலை. கரையில் நின்று செய்யும் தொழிலோ எண்ணெய் கேட்காது.

1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்ததும் இந்த மாவட்டத்துக்குத்தான். அவர்களில் கடற்றொழிலாளரும் உண்டு. ஏற்கெனவே நெருக்கடியான களப்பை வந்தவரும் இருந்தவரும் பங்கிட்டுக்கொண்டார்கள், மனக்கசப்போடுதான். ஒருமுறை கரையை இழந்தவர்களிடம் இன்னொரு கரையையும் விட்டுக்கொடுக்கச் சொல்வதை அபிவிருத்தி என்று என்னால் எழுத முடியாது.

சுற்றுலாவுக்குக் காணி கொடுக்குமுன், மீனவர் நடக்கும் பாதை எது, வலை இழுக்கும் இடம் எது என்று வரைபடத்தில் குறித்தார்களா? பிரதேச செயலகத்தில் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.