இரண்டு நிமிட விமானம்!

விமானத்தில் ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே ஊர் வந்துவிட்டால் எப்படி இருக்கும்?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் உள்ளன. அவற்றில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்பவை பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தூரம் 2.7 கிலோமீட்டர்தான்! பயண நேரம் 2 நிமிடம். 53 விநாடியில் போய்ச் சேர்ந்ததும் உண்டு. உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம் இதுதான். 1967 முதல் நடக்கிறது.

"இதற்கு ஒரு விமானமா?" என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் நடுவே கடல் அல்லவா இருக்கிறது! பாப்பா வெஸ்ட்ரேயில் 100 பேர்கூட இல்லை. ஆசிரியரும் மருத்துவரும் நோயாளியும் இந்தச் சிறு விமானத்தில் போய் வருகிறார்கள். அதற்காகவே உள்ளாட்சி மன்றம் பண உதவி செய்கிறது.

லாபம் பார்த்தால் இது நடக்குமா? நடக்காது. சிற்றூருக்கும் வழி வேண்டும் என்று நினைத்தார்களே, அதுதான் பெரிது. பயணத்தை அளக்க வேண்டியது தூரத்தால் அல்ல, தேவையால்!