காசாளரைச் சந்தேகிக்கும் முன் கணனியைக் கேளுங்கள்

கடைக் கணக்கு உதைத்தால் நமது பார்வை முதலில் போவது காசு மேசையில் இருப்பவர் மீதுதான். நானும் அதற்கு விதிவிலக்கல்ல. ஒரு வருட இறுதியில் பில்களின் கூட்டுத்தொகைக்கும் கைக்கு வந்த பணத்துக்கும் இடையில் சுமார் 4 இலட்சம் ரூபா வித்தியாசம் காட்டியது. ஆறு வருடங்களாக என்னோடு இருக்கும் காசாளரை வேலையிலிருந்து நிறுத்தவே தீர்மானித்திருந்தேன்.

கணனி படிக்கும் என் சகோதரியின் மகன்தான் தடுத்தான். "மாமா, ஆளைக் கேட்க முதல் கணனியைக் கேட்டுப் பாருங்க" என்றான்.

ஒவ்வொரு பில்லும் தனித்தனி எக்ஸெல் கோப்பாக இருந்தது. மொத்தம் 9,000க்கு மேல். ஒன்றைத் திறந்து பார்க்க ஒரு நிமிடம் என்றாலும் 150 மணித்தியாலங்கள் வேண்டும். அவன் முதலில் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் பிரதி எடுத்தான். மூலக் கோப்பைத் திறந்து சேமித்தால், கடைசியாக மாற்றிய நேரம் மாறிவிடும். தடயம் அழிந்துவிடும் என்றான். பின்னர் பைதன் மொழியில் முப்பது வரிகளில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினான். அது ஒவ்வொரு கோப்பின் பெயர், பில் தொகை, கடைசியாக மாற்றிய நேரம், 'ஹேஷ்' எனும் இலக்கம் ஆகியவற்றைப் பட்டியலிட்டது. ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அது முற்றாக மாறிவிடும்.

பட்டியல் சில நிமிடங்களில் வந்தது. 62 பில்களின் ஹேஷ், வேறு 62 பில்களின் ஹேஷுடன் அப்படியே ஒத்திருந்தது. பழைய கணனியிலிருந்து புதியதற்கு மாற்றியபோது ஒரு கோப்புறை இரு இடங்களில் பதிந்திருக்கிறது. விற்பனை இரு முறை கூட்டப்பட்டிருக்கிறது. காணாமற்போன பணம் என்று ஒன்று இருக்கவே இல்லை. அதை மாற்றியவன் நான்தான்.

இதிலிருந்து நான் கற்றது இதுதான். கணனி வைத்திருக்கும் ஒவ்வொரு கடையிலும் இப்படிச் சிறு ஸ்கிரிப்ட் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். 1991இல் வெளிவந்த பைதன் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. ஹேஷ் கணிக்கும் வசதியும் அதனுள்ளேயே உண்டு. க.பொ.த. சாதாரண தரம் முடித்த பிள்ளை சில மாதங்களில் இந்த அளவுக்குக் கற்கலாம். கணக்காய்வுக்கும் களஞ்சியக் கணக்குக்கும் அதே அறிவு உதவும்.

ஆனால் இரண்டு விடயங்களை மறக்கலாகாது. ஸ்கிரிப்ட் நாம் கேட்டதை மட்டுமே தேடும். என்ன நடந்தது என்று அது காட்டலாம். யார் செய்தது என்று தீர்ப்புச் சொல்லாது. அடுத்தது, உண்மையிலேயே களவு நடந்திருப்பதாகத் தெரிந்தால், கணனியைத் தொடாமல் பொலிஸாரிடம் முறையிட வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணனிக் குற்றச் சட்டம் இருக்கிறது. வீட்டுப் பிள்ளை எடுத்த பிரதி நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகலாம்.

அந்தக் காசாளர் இன்றும் என்னிடமே வேலை செய்கிறார். நான் என்ன நினைத்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது. போன பணத்தை உழைத்து எடுக்கலாம். ஒருவரின் போன பெயரை எந்த முதலாளியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.