பாடக்குறிப்பில் அந்தக் குழந்தைக்கு இடம் உண்டா?

நம் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இன்று சாய்தளம் இருக்கிறது. சில ஊர்களில் அது பள்ளிக்கென்றே கட்டப்பட்டது. சில ஊர்களில் பள்ளி வாக்குச்சாவடியாகவும் இருப்பதால் வந்து சேர்ந்தது. எப்படி வந்திருந்தாலும் நல்லதுதான். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை வாசற்படியில் தடைபடாமல் வகுப்புக்குள் வந்துவிடுகிறது. வந்த பிறகு? மற்ற பிள்ளைகள் தப்படி வைத்து வராந்தாவை அளக்கும்போது அது தூணோரம் இருந்து வேடிக்கை பார்க்கிறது. பாட்டு நேரத்தில் காது கேளாத குழந்தை பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துப் பார்த்து ஒரு நொடி பிந்தித் தட்டுகிறது. பின்னலாடை வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பத்தின் ஒடியா பேசும் குழந்தை, ‘டீச்சர்’, ‘தண்ணி’ என்ற இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பருவத்தையே கடத்துகிறது. வருகைப் பதிவேட்டில் இவர்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். பாடக்குறிப்பில் இல்லை.

உள்ளடக்கிய கல்வி என்று நாம் சொல்வது பெரும்பாலும் பின்னால் சேர்க்கப்படும் வேலையாகவே இருந்துவருகிறது. பாடம் முதலில் கண் தெரிந்த, காது கேட்கிற, ஓடியாடுகிற, வீட்டிலும் தமிழே பேசுகிற ஒரு குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. பிறகு வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில், அந்தப் பாடத்தில் ஒரு சின்னத் துண்டு ‘அந்தப் பிள்ளைக்காக’ வெட்டித் தரப்படுகிறது. சட்டம் இதைவிட அதிகம் கேட்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் செயல்பாடு, தேடல், கண்டறிதல் வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. அச்சமில்லாத சூழலையும், இயன்றவரை தாய்மொழியையும் கேட்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கலைத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் உரிய மாற்றங்களைச் செய்யச் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தெளிவாகும்: படைப்பூக்கமுள்ள பாடமும் எல்லாக் குழந்தைகளுக்குமான பாடமும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில் எழுதப்பட வேண்டியவை. வகுப்பின் ஓரத்தில் இருக்கும் குழந்தையை முதலில் நினைத்துப் பாடம் எழுதினால், நடுவில் இருக்கும் குழந்தைகளுக்கும் அது மேலான பாடமாக அமையும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். தொடக்க வகுப்புக் கணக்கில் ‘அளவைகள்’ வருகிறது. சாணால் பெஞ்சை அளப்போம், முழத்தால் கயிற்றை அளப்போம், தப்படியால் வராந்தாவை அளப்போம். ஆளுக்கு ஆள் விடை மாறும். அதனால்தான் எல்லோருக்கும் பொதுவான மீட்டர் வேண்டும் என்று முடிப்போம். ஆண்டுதோறும் எடுக்கும் பாடம். இதில் சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தைக்கு வழக்கமாகக் கிடைப்பது, மற்றவர்கள் சொல்லும் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை.

அந்தக் குழந்தையிலிருந்து பாடத்தைத் தொடங்கிப் பாருங்கள். நாற்காலியின் பெரிய சக்கரத்தில் ஓரிடத்தில் ஒரு ரிப்பனைக் கட்டுங்கள். ரிப்பன் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி தரைக்கு வந்தால் ஒரு சுற்று. சிறுவர்களுக்கான நாற்காலியில் ஒரு சுற்று என்பது ஒன்றரை மீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கும். ஒன்பது மீட்டர் வராந்தாவை நடந்து அளக்கும் பிள்ளை இருபது தப்படி என்று சொல்லும். நாற்காலிப் பிள்ளை ஐந்தரைச் சுற்று என்று சொல்லும். அங்கே வகுப்பே நின்று யோசிக்கும். வராந்தா ஒன்றுதான், எண் மட்டும் ஏன் இவ்வளவு குறைந்தது? அலகு பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்ற கருத்து, கரும்பலகையில் எழுதிப் புரியவைக்கப் பாடுபடும் கருத்து, கண்முன்னே நடக்கிறது. ஏறத்தாழ ஒரே நீளமுள்ள தப்படிகளை ஒப்பிடும்போது இந்த வேறுபாடு இவ்வளவு எடுப்பாகத் தெரியாது. ஐந்து சுற்று முடிந்து ரிப்பன் பாதி வழியில் நிற்கும்போது ‘அரை’யும் தானாக வந்து சேருகிறது. சக்கரம் இல்லாமல் இந்தப் பாடம் இவ்வளவு நன்றாக அமைந்திருக்காது.

அதே வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால், சாணுக்கு ஒரு முடிச்சாகப் போட்ட கயிறு போதும். விரலால் தடவி முடிச்சுகளை எண்ணலாம். எண்ணும்போது இடையில் ஒன்றைத் தவறவிடும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு; அவர்களும் அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்குவார்கள். அறிவுசார் குறைபாடுள்ள குழந்தையிடம் கூழாங்கற்களையும் ஒரு டப்பாவையும் கொடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல் போடச் சொல்லலாம். குழுவின் கணக்கே அந்த டப்பாவில்தான் இருக்கிறது என்பதால் அது ஒப்புக்குக் கொடுத்த வேலை ஆகாது. ஆனால் அடுத்த வாரமும் அதற்கு அடுத்த வாரமும் கல் போடும் வேலையையே கொடுத்தால், அதுவும் ஓரங்கட்டல்தான். இன்று கல், நாளை ஐந்து கற்களைப் பார்த்ததும் ஐந்து என்று சொல்வது, பிறகு எண் அட்டையோடு பொருத்துவது என்று அந்தக் குழந்தைக்கும் அடுத்த படி பாடக்குறிப்பில் இருக்க வேண்டும். இவை அத்தனைக்கும் ஆன செலவு ஒரு முழம் ரிப்பனும் கொஞ்சம் கயிறும்.

செலவைச் சொல்லக் காரணம் இருக்கிறது. படைப்பூக்கம் என்றாலே தெர்மாகோல், பளபளக்கும் சார்ட், கைக்காசு போட்டு வாங்கிய வண்ணத்தாள் என்றொரு எண்ணம் நம் பயிற்சிகளில் வேரூன்றிவிட்டது. சுவர் நிறைந்திருக்கும், குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். வகுப்புக்கு வரும் அலுவலருக்குக் காட்டுவதற்காகச் செய்யும் துணைக்கருவியும், குழந்தை தொட்டுக் கலைத்து அடுக்குவதற்காகச் செய்யும் துணைக்கருவியும் வேறு வேறு. முதலாவதற்கு ஆசிரியர்கள் இரவெல்லாம் கண்விழிப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08-இல் மாநிலத்தின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமத்துப் பலவகுப்புப் பள்ளிகளுக்காக உருவான அட்டை முறையே அதன் மூலம். ஏணிப்படி, சின்னங்கள், குழு அட்டை, பாய், குழந்தையின் உயரத்தில் கீழ்மட்டக் கரும்பலகை ஆகியவற்றை மூத்த ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் குறைகளையும் அறிவோம். அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன, மறுபடி அச்சாகி வரத் தாமதமானது. புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டனர். சின்னத்தைப் பார்த்து அட்டையை எடுத்து முடிப்பதே சில இடங்களில் சடங்கானது.

ஆனால் அந்த ஏணியில் ஒரு பெரிய நியாயம் இருந்தது. செங்கல் சூளைக்குப் பெற்றோரோடு போய்ச் சில மாதம் கழித்துத் திரும்பும் குழந்தை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். வகுப்பு இருபது பக்கம் தாண்டிப் போயிருக்காது. காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கும், மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கும் அதுவே வழி. 2012-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்து, செயல்வழிக் கற்றல் எளிமையாக்கப்பட்டு, பின்னர் மெல்ல மறைந்தபோது அட்டைகளோடு இந்த நியாயத்தையும் நாம் மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அதைத்தான் மீட்டெடுக்க வேண்டும். அட்டை திரும்பி வர வேண்டியதில்லை.

பெருந்தொற்றுக்குப் பின் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், குழந்தை இருக்கும் நிலையிலிருந்து தொடங்குவது என்ற எண்ணத்தை மறுபடி வகுப்புக்குக் கொண்டுவந்தது. பாடலும் கதையும் பொம்மலாட்டமும் அதிகாரபூர்வமான கற்பித்தல் முறைகளாகின. இதை மனமாரப் பாராட்டுகிறோம். அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளைப் பற்றி மட்டும் ஒரு கவலையைச் சொல்ல வேண்டும். இவை ஒரு திறனில் ஒரு குழந்தை இன்றைக்கு நிற்கும் இடத்தைக் குறிக்க வந்த பெயர்கள். வகுப்பில் அவை குழந்தையின் பெயர்களாக மாறிவிடுகின்றன. ‘மலர் பிள்ளைங்க இந்தப் பக்கம் வாங்க’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டால், ஜூனில் அரும்பு வரிசையில் உட்கார்ந்த குழந்தை ஏப்ரலிலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். எழுத்தில் அரும்பாக இருக்கும் குழந்தை கதை சொல்வதில் மலராக இருக்கலாம். ஆகவே நிலையைத் திறனுக்குச் சூட்டுங்கள். குழுவை வாரத்துக்கு ஒருமுறையேனும் கலைத்துப் போடுங்கள்.

மதிப்பீட்டிலும் இதே தெளிவு வேண்டும். ‘கதையைக் கேட்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துதல்’ என்பது கற்றல் விளைவு என்றால், நான்கு படங்களைச் சரியாக அடுக்கிக் காட்டும் குழந்தை அதை அடைந்துவிட்டது. பேசிக் காட்டலாம், சைகையில் காட்டலாம், நடித்துக் காட்டலாம், எழுதியும் காட்டலாம். எழுதியவருக்கு மட்டும் முழு மதிப்பெண் என்றால், நாம் சோதித்தது கதையை அல்ல, கையெழுத்தை. எழுதுவதே அன்றைய இலக்கு என்றால் எழுதத்தான் வேண்டும். அதில் சலுகை காட்டுவது குழந்தைக்குச் செய்யும் நன்மை ஆகாது. இலக்கு எது, இலக்குக்குப் போகும் பாதை எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலையின் முக்கால் பங்கு. இலக்கைத் தளர்த்தாமல் பாதைகளைக் கூட்டுவது என்று இதைச் சொல்லலாம். அமெரிக்காவில் 1984-இல் தொடங்கப்பட்ட காஸ்ட் என்ற நிறுவனம் இதையே ஒரு முறையாக வகுத்து உலகெங்கும் பரப்பியது. பெயர் தெரியாமலேயே நம் ஈராசிரியர் பள்ளிகளில் மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துச் சமாளிக்கும் ஆசிரியர்கள் இதில் பாதியைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மொழி விஷயத்தில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள், வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் பிள்ளைகள், கூடலூர் மலையில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர் வீட்டுப் பிள்ளைகள், வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒன்றாம் வகுப்பின் முதல் நாளிலேயே பள்ளி வேறொரு மொழியில் பேசத் தொடங்குகிறது. பேசாமல் இருப்பதை ‘மந்தம்’ என்று எழுதிவைப்பது பெரிய அநீதி. கூடலூரில் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக நடக்கும் வித்யோதயா பள்ளி, அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்களையே ஆசிரியர்களாக்கி, அவர்களுடைய பாட்டையும் கதையையும் காட்டறிவையும் பாடத்துக்குள் கொண்டுவந்தது. எல்லாப் பள்ளியிலும் அது உடனே இயலாது. ஆனால் ஒரு படத்தைக் காட்டி, குழந்தையை முதலில் தன் மொழியில் சொல்லவிட்டு, இரண்டு மொழியும் தெரிந்த இன்னொரு பிள்ளையைத் தமிழில் சொல்லச் சொல்லி, அதிலிருந்து இரண்டு சொற்களைக் கீழ்ப்பலகையில் எழுதுவது எந்தப் பள்ளியிலும் இயலும். முதல் மாதத்தில் அந்தக் குழந்தை வாய் திறப்பதே பெரிய கற்றல் விளைவு.

வீட்டுப்பாடம் பற்றியும் ஒரு சொல். ‘படம் ஒட்டி வா’ என்பது ஜெராக்ஸ் கடைக்குக் காசு இருக்கும் வீட்டுக்கான பாடம். ‘அப்பா என்ன வேலை செய்கிறார்?’ என்று எழுதிவரச் சொல்வதும், குடும்ப மரம் வரைந்துவரச் சொல்வதும் அப்பாவை இழந்த பிள்ளையையும் இல்லத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளையையும் கூசவைக்கின்றன. ‘உனக்குப் பிடித்த பெரியவர் ஒருவர் என்ன வேலை செய்கிறார்?’ என்று கேட்டால் பாடத்துக்கு எந்தக் குறையும் வராது.

இதையெல்லாம் ஆசிரியர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நகர்வது நியாயம் அல்ல. இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்க்கிறார்கள். செயலியில் பதிவேற்றும் வேலை திட்டமிடும் நேரத்தைத் தின்கிறது. சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில், பல பள்ளிகளுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்கள். இந்த நிலையில் சில கோரிக்கைகளை மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் முன் வைக்கிறோம். பாடநூல் எழுதும் குழுவில் சிறப்புப் பயிற்றுநர்களும் மாற்றுத்திறனாளி ஆசிரியர்களும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும் முன் கருத்துக் கேட்பது போதாது. ஆசிரியர் கையேட்டின் ஒவ்வொரு பாடத்திலும் மாற்றுப் பாதைகள் பாடத்தின் உடலிலேயே வர வேண்டும். கடைசிப் பக்கத்துப் பிற்சேர்க்கையாக வரக் கூடாது. சிறப்புப் பயிற்றுநர்களின் பணி நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் வேலை நிலைக்குமா என்ற அச்சத்தில் இருப்பவரிடம், ஒரு குழந்தையின் ஐந்தாண்டுக் கற்றலுக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்க முடியாது.

வாசகர்களான ஆசிரியர்களிடம் கேட்பது இதைவிடச் சிறியது. அடுத்த குறுவள மையக் கூட்டத்தில் உங்கள் வட்டாரத்துச் சிறப்புப் பயிற்றுநரோடு உட்காருங்கள். இந்தப் பருவத்தில் எடுக்கவிருக்கும் ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் வகுப்பில் எந்தக் குழந்தைக்கு அந்தப் பாடம் எட்டாது என்று நினைக்கிறீர்களோ, அந்தக் குழந்தையை முதலில் வைத்துப் பாடக்குறிப்பை எழுதுங்கள். வகுப்பில் எடுத்துப் பார்த்த பிறகு, எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதைக் குழந்தையின் பெயரைத் தவிர்த்துவிட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம்.