மரைக்காயர் என்னும் கடைசிப் பெயர்



அம்பத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவர் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். பூர்வீகம் பழவேற்காடு. மூத்த மகனுக்குத் துபாயில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு எழுதப் போன இடத்தில் 'சர்நேம்' என்றொரு கட்டம் வந்து நின்றதாம். அதில் தம் பெயரை எழுதச் சொல்கிறார் பையனின் வாப்பா. "நம் குடும்பத்துக்குப் பெயர் மரைக்காயர், அதை விட்டுவிட்டு வேறு என்ன எழுதுவது?" என்கிறார் பாட்டனார். காலியாக விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை. "இரண்டு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான், மாமனாரும் மகனும் சரியாக முகங்கொடுத்துப் பேசுவதில்லை, ஒரு வழி சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

வழி சொல்வதற்கு முன், அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துவிடுவோம்.

குடும்பப் பெயர் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான வழக்கமன்று. ஐரோப்பாவில் அது இடைக்காலத்தில் வேரூன்றியது. ஜெர்மனியில் மாவு அரைத்தவன் வழிவந்தோர் 'முல்லர்' ஆயினர். கொல்லன் வழிவந்தோர் 'ஷ்மித்' ஆயினர். இவ்விரு பெயர்களும் அந்நாடெங்கும் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் அபூர்வமான ஒரு பெயராயின், அது எந்த மாவட்டத்தில் முளைத்தது என்பதைத் தொலைபேசிப் புத்தகங்களைக் கொண்டே ஆராய்வோர் அங்கு உண்டு. ஜப்பானில் 1875-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் குடும்பப் பெயர் எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. துருக்கியில் 1934-இல் சட்டம் போட்டு, வீட்டுக்கொரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். முஸ்தபா கமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயர் வந்தது அப்போதுதான். ஐஸ்லாந்து மக்களிற் பெரும்பாலோர் நம்மைப் போலவே இன்றும் தந்தை பெயரைக் கொண்டே அறியப்படுகிறார்கள்.

நம் மரபு வேறு. இன்னாரின் மகன் இன்னார், இன்ன ஊரார் என்பதே முஸ்லிம்களின் பழைய முறை. வளர்ப்புப் பிள்ளைகளைக்கூட அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்கவேண்டும் என்பது குர்ஆனின் 33-ஆம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை. மணமான பெண் கணவன் பெயரைத் தன் பெயராக்கிக்கொள்ளும் தேவை நம் மார்க்கத்தில் இல்லை. பூந்தமல்லிப் பள்ளிவாசல் கோல்கொண்டா ஆட்சியின்போது 1653-இல் கட்டப்பட்டது. கட்டியவர் பெயர் ருஸ்தம், துல்ஃபிகாரின் மகன், ஈரானிய நகரமான அஸ்தராபாத்தைச் சேர்ந்தவர். தன் பெயர், தந்தை பெயர், ஊர்ப் பெயர் ஆகிய மூன்றால் அவர் அறியப்பட்டார். சர்நேம் கேட்டிருந்தால் அவரும் நம் சகோதரியைப் போல விழித்திருப்பார்!

இனி மரைக்காயர் பெயருக்கு வருவோம். 'மர்கப்' என்ற அரபுச் சொல்லுக்குக் கப்பல் என்பது பொருள். அதிலிருந்து வந்தது இப்பெயர் என்போர் உண்டு. தமிழ்ச் சொல்லான 'மரக்கலம்' என்பதே மூலம், மரக்கலத்தை உடைய தலைவர் மரக்கலராயர், அதுவே மரைக்காயர் ஆயிற்று என்போரும் உண்டு. இரண்டும் கப்பலில்தான் கொண்டுபோய் விடுகின்றன. எனக்குத் தமிழ் மூலமே பொருத்தமாகப் படுகிறது. இலங்கையில் சிங்களர் முஸ்லிம்களை 'மரக்கல' என்ற சொல்லால் குறித்து வந்திருப்பதும், மலையாளக் கரையில் இப்பெயர் 'மரக்கார்' என்று வழங்குவதும் அதற்கு அரணாக நிற்கின்றன.

இப்பெயர் பரவிய வழியும் கடல்வழியே. பழவேற்காடு, பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் என்று கரையோரமாகவே சென்றால் மரைக்காயர் குடும்பங்களைக் காணலாம். உள்நாட்டில் ராவுத்தர், அது குதிரையோடு தொடர்புடைய பெயர். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகப் போர்த்துக்கீசியரை எதிர்த்து நின்றவர்கள் குஞ்ஞாலி மரக்கார்கள். அவர்களுள் நான்காமவர் 1600-இல் கோவாவில் கொல்லப்பட்டார். உமறுப் புலவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியின் இயற்பெயரும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பதே.

கடல் கடந்த இடங்களில்தான் இது உண்மையான குடும்பப் பெயராக உறைந்தது. இலங்கையில் மரிக்கார், மார்க்கார் என்றாயிற்று. 1978 முதல் 1983 வரை அந்நாட்டு நாடாளுமன்றத்தின் சபாநாயகராக இருந்தவர் பாக்கீர் மார்க்கார். பினாங்கிலும் கெடாவிலும் அது 'மெரிக்கன்' ஆயிற்று. மலேசிய நாடகத் துறையில் புகழ்பெற்ற ஃபரீதா மெரிக்கன் 1939-இல் பினாங்கில் பிறந்தவர். பெயரைக் கேட்டு அமெரிக்கத் தொடர்பு என்று எண்ணிவிடலாம்; எழுத்துக்களைச் சற்றுப் பிரித்துப் பார்த்தால் நம் மரைக்காயர் உள்ளே உட்கார்ந்திருப்பார். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. அங்கிருந்து பிரான்சுக்குச் சென்று குடியேறிய குடும்பங்களிடம் 'மரிக்கார்' என்பது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நிலைத்துவிட்டது.

தாய்மண்ணிலோ நேர்மாறு. நம் காலத்தில் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு ராமேஸ்வரத்துக் குடும்பம். அவுல் என்பது கொள்ளுப்பாட்டனார் பெயர், பக்கீர் பாட்டனார் பெயர், ஜைனுலாப்தீன் தந்தையார் பெயர். அவற்றை அ.ப.ஜெ. என்று மூன்றெழுத்தாகச் சுருக்கி, தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர் அப்துல் கலாம். ஆவடியில் டாங்கி ஆராயும் நிறுவனத்தையும் தன்னுள் கொண்ட பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குத் தலைமை வகித்தவர். 2002-இல் குடியரசுத் தலைவரானவர். நான்கு தலைமுறை அப்பெயரில் இருக்கிறது, மரைக்காயர் இல்லை. அவருடைய தமையனார் பெயரோ முத்து மீரா மரைக்காயர்! ஒரே வீட்டில் ஒருவர் பெயரில் உண்டு, மற்றவர் பெயரில் இல்லை. அது சர்நேமாக இருந்திருப்பின் இப்படி நேர்ந்திராது.

மரைக்காயர் எத்தனை பேர் என்று கேட்டால், பெயரை வைத்து எண்ண முடியாததன் காரணம் இதுதான். சாதிவாரியாக மக்களை எண்ணி வெளியிட்ட கடைசி முழுக் கணக்கு 1931-இல் எடுக்கப்பட்டது. 2011 கணக்கின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்கள் ஏறத்தாழ 42 லட்சம் பேர். அதற்குள் பிரிவு காட்டப்படவில்லை. 2007-இல் முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வந்தபோதும், அரசுப் பட்டியலில் இலப்பை என்பதற்குள்ளேயே ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம். ஆகவே பையனின் சாதிச் சான்றிதழில் 'இலப்பை' என்றிருந்தால் பாட்டனார் வருந்த வேண்டியதில்லை. 2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று 2025-இல் ஒன்றிய அரசு அறிவித்தது. அப்போதும் இவ்வீட்டில் இதே வழக்கு எழும் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்போது சகோதரியின் கேள்விக்கு. கட்டத்தைக் காலியாக விடுவது சட்டப்படி குற்றமில்லை. வளைகுடாவுக்குப் போகிறவருக்கு அது புத்திசாலித்தனமும் இல்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ளவர்களுக்குச் சுற்றுலா, வருகை விசாக்களில் அனுமதியில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. அதற்குள் விமான நிலையத்தில் எத்தனை பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள்! அமெரிக்க விசாவிலோ, இருக்கும் ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதற்பெயர் தெரியாது என்று குறிப்பார்கள்.

அவர்களுடைய மகனின் பெயர் 'அப்துல்' என்று தொடங்குகிறது. கட்டத்தை நிரப்புவதற்காக அதை இரண்டாக வெட்டிவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். 'அப்துல்' என்றால் 'இன்னவனின் அடியான்' என்பது பொருள். அது தனித்து நிற்காது. பின்பகுதியோ அல்லாஹ்வின் திருநாமம். அதை மட்டும் எடுத்து 'மிஸ்டர்' சேர்த்து ஒரு மனிதரை அழைப்பது தகாது. வெளிநாட்டு அலுவலகங்களில் இது அன்றாடம் நடக்கிறது; கணிப்பொறியைக் குறை சொல்லிப் பயனில்லை, முதலில் வெட்டிக் கொடுத்தவர்கள் நாம்தான். முழுப் பெயரையும் 'கிவன் நேம்' கட்டத்திலேயே எழுதுங்கள்.

சர்நேம் கட்டத்தில், என் கருத்துப்படி, வாப்பாவின் பெயர். காரணம் எளிது: பையனின் மதிப்பெண் பட்டியல், ஆதார் எல்லாவற்றிலும் தலைப்பெழுத்தாக நிற்பது அந்தப் பெயரே என்கிறது கடிதம். அதை விரித்து எழுதினால் விளக்கம் கேட்பவர்களுக்குச் சொல்ல வழியுண்டு. எந்தச் சான்றிதழிலும் இல்லாத 'மரைக்காயர்' பாஸ்போர்ட்டில் மட்டும் முளைத்தால் நாளைக்குச் சான்றிதழ் சரிபார்க்கும்போது அலைய வேண்டியிருக்கும். இதை எழுதும்போது எனக்கும் மனம் கனக்கவே செய்கிறது. பினாங்கிலும் கொழும்பிலும் நிலைத்த பெயரைத் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் பிறந்த பெரியவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறதே!

ஒன்று செய்யலாம். பாட்டனாரிடம் பழவேற்காட்டு வீட்டுப் பத்திரம் இருக்குமானால், அதில் அவருடைய வாப்பாவின் பெயர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தலைமுறையில் பேரனுக்கொரு மகன் பிறந்து, அந்தப் பெரியவர் பெயரையே மரைக்காயரோடு சேர்த்துப் பிறப்புச் சான்றிதழிலேயே வைத்துவிட்டால் எந்த அதிகாரியும் கேள்வி கேட்கமாட்டார். பத்திரத்தில் கண்டதை எனக்கும் எழுதுங்கள். பெரியவருக்கு என் ஸலாம்.