ஆற்றுக்கு எல்லைக்கல் தெரியுமா?



பொம்மிடி இரயில் நிலையத்தில் நின்று தெற்கே பாருங்கள். சேர்வராயன் மலை தெரியும். அதன் உச்சி ஏறத்தாழ 1600 மீட்டர் உயரம். அங்கே ஒரு மழைத்துளி விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது எங்கே போய்ச் சேரும்?

தென்சரிவில் விழுந்தால் திருமணிமுத்தாற்றின் வழியே சேலத்தைக் கடந்து காவிரியை அடையும். வடகிழக்குச் சரிவில் விழுந்தால் வாணியாற்றில் இறங்கி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் பக்கமாக ஓடித் தென்பெண்ணையில் கலக்கும். மலைமுகட்டில் ஓரடி தள்ளி விழுந்தாலும் துளியின் பயணம் மாறிவிடுகிறது! இவ்வாறு ஓர் ஆற்றுக்கு நீரை வடித்துத் தரும் நிலம் முழுவதையும் அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம்.

ஒரு சிறு கணக்குப் போடுவோமா? ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் கிடைக்கும் நீர் 100 கன மீட்டர். அதாவது 1 லட்சம் லிட்டர். சரிவு மொட்டையாக இருந்தால் இந்த நீர் மண்ணையும் அரித்துக்கொண்டு சில மணி நேரத்தில் ஓடிவிடும். மரங்களும், இலைச் சருகும், கல் தடுப்புகளும் இருந்தால் நீர் மெல்ல நடக்கும். மெல்ல நடக்கும் நீர்தான் மண்ணுக்குள் இறங்கும். பல மாதங்கள் கிணற்றிலும் ஓடையிலும் ஊறி வரும்.

நீர் இறங்காவிட்டால் என்ன ஆகும்? கிணறு வற்றும். ஆழ்துளைக் கிணறு தோண்டுவோம். தருமபுரி மாவட்டத்தின் பாறைகளில் ஃபுளூரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரைத் தொடர்ந்து குடித்தால் வளரும் பற்களில் கறை படியும். அளவு மேலும் கூடினால் எலும்பும் பாதிக்கப்படும். இதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது. காவிரி நீர் வந்தது நல்லதே. ஆனால் நம் தலைமேல் பெய்யும் மழையை விட்டுவிடலாமா?

இதைக் காக்க வேண்டியவர் யார்? 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டது. அதில் மூன்றாவது: சிறு பாசனம், நீர் மேலாண்மை, நீர்ப்பிடிப்புப் பகுதி மேம்பாடு.

சிக்கல் இங்கேதான். மலையின் மேற்பகுதி சேலம் மாவட்டத்தின் ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிறது. வாணியாறு அணையும் அதன் பாசன வயல்களும் தருமபுரி மாவட்டத்தில் இருக்கின்றன. அணையின் உயரம் 65 அடி. சரிவிலிருந்து வரும் வண்டல் அடியில் படியப் படிய, உயரம் மாறாமலே கொள்ளளவு குறையும். கீழே உள்ள ஊராட்சி தன் ஏரியை மட்டும் தூர்வாரினால், மேலிருந்து வரும் மண் அதை மீண்டும் நிரப்பிவிடும். ஆகவே வேலை முகட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிய வேண்டும். ஒரே ஆற்றின் ஊராட்சிகளெல்லாம், மாவட்டம் எதுவானாலும், ஒன்றாக அமர்ந்து ஒரே திட்டம் தீட்ட வேண்டும். இதுவே என் கருத்து.

"கீழே இருப்பவர்களுக்காக மலைமேல் இருப்பவர்கள் ஏன் உழைக்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி! நியூயார்க் நகரம் 1997-இல் இதற்கு விடை கண்டது. தன் குடிநீர் பிறக்கும் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஊர்களுடன் அது ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அவர்கள் நிலத்தையும் ஓடைகளையும் காப்பார்கள். செலவுக்கு நகரம் பணம் தரும். பல நூறு கோடி டாலர் விலையுள்ள வடிகட்டும் நிலையம் கட்டுவதைவிட இது மலிவாக முடிந்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? வேலூர் மாவட்டத்து நாகநதியைப் பாருங்கள். வறண்டு கிடந்த அந்த ஆற்றின் வடிநிலத்தில், 2014-க்குப் பின் ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் நூறு நாள் வேலைத் திட்டத்தின் மூலம் கல் தடுப்புகளும் நீர் செறிவூட்டும் கிணறுகளும் அமைத்தார்கள். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

கூடிப் பேச நிதியும் வேண்டும். அதை அரசு தர வேண்டும். கேட்பதற்கு இடம் கிராம சபை. உலக நீர் நாளான மார்ச் 22 அன்றும் தமிழகத்தில் கிராம சபை கூட்ட வேண்டும் என்று 2022-இல் முடிவாயிற்று. உங்களுக்கு வாக்களிக்கும் வயது ஆகவில்லை. அதனால் என்ன? அடுத்த மழையின்போது உங்கள் ஊர் ஓடை எங்கிருந்து வருகிறது, எந்தெந்த ஊராட்சிகளைக் கடக்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் வரையுங்கள். அதைப் பெற்றோரிடம் கொடுத்து, கிராம சபையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். எல்லைக்கல் தெரியாத ஆற்றைப் பற்றி அங்கே பேச்சு தொடங்கட்டும்!