ஏலத்துக்குப் போகும் தாலிக்கொடி

காலபோகத்துக்கு விதைநெல்லும் உரமும் வாங்கத் தாலிக்கொடியை அடைவு வைக்காத வீடு வன்னியில் குறைவு. விளைச்சல் பிழைத்தால் தவணையும் தவறும். நகை ஏலத்துக்குப் போகும். அதற்கு முன் வங்கி அனுப்பும் அறிவித்தல், நீங்கள் கொடுத்த விலாசத்துக்குத்தான் வரும். 2009இன் பின் முகாம், உறவினர் வீடு, மீள்குடியேற்றம் என்று அலைந்த எங்களுக்கு இதுதான் ஆபத்து. வீடு மாறினால் புதிய விலாசத்தை உடனே எழுத்தில் கொடுங்கள்.

முழுக்காசு இல்லையா? வட்டியைக் கட்டித் தவணையைப் புதுப்பிக்கலாமா என்று முகாமையாளரிடம் கேளுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்?

ஏலம் போனாலும், முதலும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் பணம் உங்களுடையது. 2013இல் தங்கவிலை சரிந்தபோது வங்கிகளுக்கே நட்டம். விலை ஏறிய இக்காலத்தில் மீதி சிறுதொகையாக இராது. அடைவுத் துண்டையும் அடையாள அட்டையையும் கொண்டுபோய்க் கணக்குக் கேளுங்கள்.